சொட்டு அண்ணன் ஃபோன் நனைந்த கதை

குழாய் வேலை பார்க்கும் அந்த மனிதரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சொட்டு அண்ணன் என்றால்தான் தெரியும். வாசலில் நின்று மணி அடிக்கும்போதே அந்த வீட்டுக்குள் எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று சொல்லிவிடுவார். சமையலறை இல்லை, பின்பக்கக் குளியலறை, அதிலும் இடது கைப் பக்கக் குழாய் என்பார். போய்ப் பார்த்தால் அதுதான் சொட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காது அவருக்கு எப்படி வாய்த்தது என்று யாருக்கும் விளங்கவில்லை. முதுகுக்குப் பின்னால் நின்று மனைவி மூன்று தடவை கூப்பிட்டால் கேட்காத காது அது.

இருபத்திரண்டு வருடத் தொழிலில் அவர் போட்ட லைன் ஒன்றுகூடக் கசிந்ததில்லை. இதை அவரே சொல்வார். கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். வீட்டுக்காரர் தேநீர் கொடுத்து முடிப்பதற்குள் இரண்டு முறையாவது சொல்லியிருப்பார். அவருக்கு இருந்த சொத்து அந்தப் பெயர் ஒன்றுதான் என்பதால் கேட்பவர்களும் பொறுத்துக்கொண்டார்கள்.

சுவருக்குள் குழாய் ஓடும் கட்டடங்களில் ஒரு தொல்லை உண்டு. சிமென்ட் பூசி, பெயின்ட் அடித்து முடித்த பிறகு எந்தக் குழாய் எங்கே போகிறது என்று கட்டினவருக்கும் தெரியாது, குடியிருப்பவருக்கும் தெரியாது. ஒருநாள் யாராவது படம் மாட்ட ஆணி அடிப்பார்கள், அப்போது எல்லோருக்கும் தெரியும். அதனால் சொட்டு அண்ணன் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பூச்சுக்கு முந்தின நாள் ஒவ்வொரு சுவரையும் ஃபோனில் படம் பிடித்துவிடுவார். அளவு தெரிவதற்கு மற்றவர்கள் டேப்பை விரித்து வைப்பார்கள். இவர் ஆளை நிறுத்துவார். டேப்பில் எண் தெரியாது, ஆள் நின்றால் குழாய் இடுப்புக்கு வருகிறதா, தோளுக்கு வருகிறதா என்று பார்த்த உடனே தெரியும் என்பது அவர் கட்சி. ஆகவே அவருடைய ஃபோனில் நூற்றுக்கணக்கான சுவர்களும், ஒவ்வொரு சுவரின் ஓரத்திலும் கொத்தனாரோ காவல்காரரோ வீட்டு உரிமையாளரோ பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுப்பதுபோல் விறைத்துக்கொண்டு நிற்பதும் இருந்தன. எடுத்த படத்தைத் திரும்பப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லை. தேவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்.

அந்தப் படங்களை அவர் யாருக்கும் அனுப்ப மாட்டார். வீட்டுக்காரர்கள் கேட்டால், என்னிடம் பத்திரமாக இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்று சொல்லிப் பிடி கொடுக்காமல் நழுவிவிடுவார். படம் தன்னிடம் இருக்கும்வரை அந்த வீட்டுக்கு வேறு ஆள் வர முடியாது என்ற கணக்கு அவருக்கு இருந்தது. கல்லூரியில் படிக்கும் மகள், படங்களை இணையத்தில் ஏற்றி வைத்தால் ஃபோன் போனாலும் படம் போகாது என்று பலமுறை சொல்லிப் பார்த்தாள். "வால்வு எங்க இருக்குன்னே தெரியாத இடத்துல நான் எதையும் விடமாட்டேன்" என்று முடித்துவிட்டார்.

இவ்வளவு எச்சரிக்கையான மனிதருக்கு ஒரு மச்சினன் இருந்தான். மனைவியின் தம்பி, தச்சு வேலைக்காரன். இரண்டு பேரும் ஒரே கட்டடங்களில் வேலை பார்த்து, ஒரே டப்பாவிலிருந்து சாப்பிட்டு, ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொண்டு திரிந்தவர்கள். ஆனால் இந்தக் கதை நடக்கும்போது அவர்கள் பேச்சுவார்த்தை நின்று பதினாலு மாதம் ஆகியிருந்தது.

காரணம் ஒரு பக்கெட். மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததற்காகச் சொட்டு அண்ணன் வீட்டில் எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். அன்றைக்கு மச்சினனின் ஃபோன் தரை துடைக்கிற பக்கெட்டில் விழுந்துவிட்டது. அவன் அதை எடுத்து, அழுக்குத் தண்ணீர் வடிய வடியக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். சொட்டு அண்ணனுக்கு அது போதுமானதாக இருந்தது. அவன் பெண்டாட்டி வீட்டு ஆட்கள் உட்பட இருபது பேர் முன்னால் அரை மணி நேரம் கச்சேரி வைத்தார். அவன் பக்கெட்டுக்குள் தலையை விட்டு ஹலோ ஹலோ என்று பேசுவதுபோல் நடித்துக் காட்டினார். தண்ணீரிடம் மரியாதை இல்லாதவன் கையில் தண்ணீர் எதையும் தங்க விடாது என்று தத்துவமும் சொன்னார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மச்சினன் சாப்பிடாமல் போனான். போனவன் திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேச வேண்டியது இருந்தால் நடுவில் சொட்டு அண்ணனின் மனைவிதான். அவள் ஒரு மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கும் கவுன்டரில் இருபது வருடமாக இருக்கிறவள். தம்பி சொல்வதைக் கணவனிடமும் கணவன் சொல்வதைத் தம்பியிடமும் சேர்ப்பித்துவிட்டு, பழக்கதோஷத்தில் "அடுத்து" என்பாள்.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

நாலு மாடிக் கட்டடம் ஒன்றின் மொட்டை மாடியில், ஆயிரம் லிட்டர் தொட்டியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார் சொட்டு அண்ணன். உள்ளே மிதக்கும் பந்து மாட்டிக்கொண்டு தண்ணீர் நிற்காமல் வழிந்துகொண்டிருந்தது. அப்போது ஃபோன் அடித்தது. பல் டாக்டரம்மா. அவருடைய கிளினிக்கில் குழாய் வேலை முழுவதும் இவர் செய்ததுதான். நாளை கிளினிக்குக்கு விடுமுறை, காலை ஒன்பது மணிக்குத் தச்சர் வந்து கடைசி அறைச் சுவரில் அலமாரி மாட்டப்போகிறார், அதற்குள் வந்து குழாய் போகும் இடத்தையெல்லாம் குறித்துக் கொடுத்துவிடுங்கள் என்றார். தச்சர் வேறு யாருமில்லை, மச்சினன்தான்.

"ஒண்ணும் கவலைப்படாதீங்க டாக்டர். எல்லாம் ஃபோன்ல பத்திரமா இருக்கு" என்று சொல்லி, ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பந்தை எடுக்கக் குனிந்தார்.

சட்டைப்பையில் ஃபோனை வைக்கக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர் அவர். அது வழுக்கிக்கொண்டு போய்த் தொட்டிக்குள் விழுந்த சத்தத்தை அந்தப் பேர்பெற்ற காது தெளிவாகக் கேட்டது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடியில் உள்ள வால்வைத் திறந்துவிட்டால் இருபது குடும்பத்துக்குத் தண்ணீர் போய்விடும். கையை விட்டால் எட்டவில்லை. கடைசியில் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு உள்ளேயே இறங்கினார். மூழ்கி எழுந்து, ஃபோனோடு தலையை வெளியே நீட்டியபோது, துணி காயப்போட வந்த ஒரு அம்மாள் எதிரே நின்றுகொண்டிருந்தாள். உள்பக்கம் சரிபார்த்தேன் என்றார் இவர். "சட்டையோடயா?" என்று மட்டும் கேட்டாள் அவள். தொட்டியை இலவசமாகக் கழுவித் தருவதாகச் சொல்லி அவள் வாயை அடைக்க வேண்டியதாயிற்று.

அப்போதே ஃபோனை அணைத்து வைத்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? பொத்தானை அழுத்தினார். திரையில் மகள் சிரித்தாள். பிறகு மகளின் முகத்தின்மேல் பச்சைக் கோடுகள் விழுந்தன. பிறகு கறுப்பு. மறுபடியும் அழுத்தினார். பதினைந்து தடவை அழுத்தியிருப்பார்.

வீட்டுக்கு வந்ததும் சொந்த வைத்தியம் ஆரம்பமாயிற்று. உள்ளே புகுந்த தண்ணீரை வெளியே எடுப்பதுதானே தன் தொழில் என்று அவருக்கு ஒரு தெம்பு. சமையலறைத் தொட்டியில் அடைப்பு எடுக்கும் கைப்பம்பை எடுத்தார். சார்ஜ் போடும் ஓட்டையில் அதன் மெல்லிய குழாயைப் பொருத்தி, காற்று நுழையாமல் இருக்க, குழாய் மரைக்குச் சுற்றும் வெள்ளை டேப்பை ஏழு சுற்றுச் சுற்றினார். வேலை சுத்தமாக இருந்தது. இழுத்தார். ஒரு துளி வந்தது. அந்த ஒரு துளியைப் பார்த்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அந்தப் பம்பு இழுத்தால் இழுக்கும், தள்ளினால் தள்ளும். இழுத்ததை விட்டவுடன் கைப்பிடி தானாகவே திரும்பிப் போனது. மிச்சம் இருந்த துளிகளெல்லாம் அதுவரை எட்டிப் பார்க்காத இடங்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தன.

மதியம் மனைவி வந்து பார்த்தபோது ஃபோன் அரிசி டின்னில் கழுத்தளவு புதைந்து கிடந்தது. யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவள் ஃபோனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை வீட்டுக் கழிவறைக்கெல்லாம் போய் வந்த ஃபோன் அது, இனிமேல் அந்த அரிசியை நான் சமைக்கமாட்டேன், வேறு அரிசி வாங்கி வாருங்கள் என்று சொன்னாள். பிறகு விஷயம் முழுவதும் கேட்டுக்கொண்டாள்.

"நாளைக்கு அங்க வரப்போறது என் தம்பி. அவன்கிட்ட இப்பவே சொல்லிடுங்க. நான் வேணா சொல்லவா?"

"உயிரே போனாலும் அவனுக்குத் தெரியக்கூடாது" என்றார் சொட்டு அண்ணன்.

"ஃபோனுக்குத்தான உயிர் போயிருக்கு" என்றாள் அவள்.

மாலையில் ஃபோன் பழுது பார்க்கும் கடைக்குப் போனார். நெற்றியில் விளக்கும் கண்ணில் பூதக்கண்ணாடியும் மாட்டிக்கொண்டு ஒரு இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். தண்ணீரில் விழுந்ததா என்று கேட்டாள். லேசாக ஈரம் பட்டது என்றார் இவர். அதற்கப்புறம் என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். ஒன்றும் செய்யவில்லை என்றார். அவள் சின்ன இடுக்கியை எடுத்தாள். சார்ஜ் ஓட்டையிலிருந்து முதலில் ஒரு அரிசி வந்தது. அதை ஒரு வெள்ளைத் தாளில் வைத்தாள். அடுத்து இன்னொரு அரிசி. மூன்றாவதாக ஒரு துண்டு வெள்ளை டேப் வந்து, நீளமாக வந்துகொண்டே இருந்தது. அவள் தலையை உயர்த்தி அவரைப் பார்த்தாள். பூதக்கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண் முட்டை அளவு இருந்தது. சொட்டு அண்ணன் அசடு வழிய நின்றார்.

"தண்ணியில ரெண்டு நிமிஷம் இருந்திருக்கும். அதனால இதுக்குப் பெருசா ஒண்ணும் ஆகியிருக்காது" என்றாள் அவள். "அதுக்கப்புறம் உங்க கையில நாள் பூரா இருந்திருக்கு, அதுதான்."

படங்கள் கிடைக்குமா என்று கேட்டார். உள்ளே இருக்கும் பலகையைக் கழற்றி, கழுவி, உலர வைக்க வேண்டும், மூன்று நாளாகும், அப்புறமும் கிடைத்தால் கிடைத்ததுதான் என்றாள். நாளை காலை ஒன்பது மணிக்கு ஒரே ஒரு படம் மட்டும் வேண்டும் என்று கெஞ்சிப் பார்த்தார். அவள் ஃபோனை வைத்துக்கொண்டு, அரிசி இரண்டையும் மட்டும் தாளில் மடித்து அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் எட்டு மணிக்கே கிளினிக்குக்குப் போய்விட்டார். டாக்டரம்மா கதவைத் திறந்துவிட்டு, தன் அறையில் கடிதங்கள் எழுதப் போய்விட்டார். கடைசி அறையில் சுவர் நின்றது. நடுவில் ஒரு ஜன்னல், இரு பக்கமும் இளம்பச்சைப் பெயின்ட், ஒரு கீறல் இல்லை. அலமாரி மாட்ட வேண்டிய நாலு இடங்களில் மச்சினன் முன்னமே பென்சிலால் சின்னச் சின்னச் சிலுவைகள் போட்டிருந்தான். சொட்டு அண்ணன் ஒவ்வொரு சிலுவையையும் விரலால் தொட்டுப் பார்த்தார். வால்வை மூடிவிட்டுத் துளை போட்டாலும் குழாய் உடைந்தால் உடைந்ததுதான். சுவரை உடைத்துத்தான் ஒட்ட வேண்டும். இருபத்திரண்டு வருடப் பெயர் அந்தத் துளை வழியாகப் போய்விடும், அதுவும் மச்சினன் கண் முன்னால்.

காது இருக்கிறதே என்று ஒரு தைரியம் வந்தது. கிளினிக்கில் வாய் கொப்பளிக்கத் தண்ணீர் வரும் பல் நாற்காலிகள் இரண்டு இருந்தன. முதல் நாற்காலியின் தண்ணீரைத் திறந்துவிட்டார். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையைச் சுவரில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். சுவருக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் லேசாக வந்தது. அது போகும் வழியே நீலச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டே போனார். இரண்டாவது நாற்காலிக்கும் அப்படியே. இரண்டு கோடுகளும் ஜன்னலுக்குக் கீழே அழகாகப் போய் முடிந்தன. ஒரு தப்பும் இல்லை.

மூன்றாவதில்தான் மாட்டிக்கொண்டார். அது இப்போது இல்லாத ஒரு நாற்காலிக்கான குழாய். பின்னால் என்றைக்காவது மூன்றாவது நாற்காலி போட்டால் சுவரை உடைக்க வேண்டாம் என்று, யாரும் கேட்காமலே முன்யோசனையாகப் போட்டு வைத்தது. தரையிலிருந்து நேரே தோள் உயரத்துக்கு ஏறி, ஒரு மூடியோடு முடிகிறது. உள்ளே தண்ணீர் முழு அழுத்தத்தோடு நிற்கிறது. ஆனால் எங்கும் ஓடவில்லை. ஓடாத தண்ணீருக்குச் சத்தம் ஏது? சுவரெங்கும் காதை வைத்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். ஜன்னலுக்கு இடது பக்கமா வலது பக்கமா என்பதுகூட அவருக்கு நினைவில்லை. இதற்குத்தானே படம் எடுத்து வைத்தோம் என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒன்பது மணிக்கு மச்சினன் டிரில் பெட்டியோடு வந்தான். மாமாவைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், ஃபோனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டான்.

"அக்கா, மார்க் பண்ணி முடிச்சாச்சான்னு அவர்கிட்ட கேட்டுச் சொல்லு."

"அவர் எங்க இருக்கார்?" என்று சத்தமாகக் கேட்டது ஃபோன்.

"இங்கதான், எதிர்ல."

"அப்ப நீயே கேளு. எனக்கு இங்க கூட்டம் நிக்குது. அடுத்து" என்று வைத்துவிட்டாள்.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஜன்னலை வேடிக்கை பார்த்தார்கள். சொட்டு அண்ணன் என்ன நினைத்தாரோ, சுண்ணக்கட்டியை எடுத்து ஜன்னலுக்கு இடது பக்கம் தரையிலிருந்து தோள் உயரத்துக்கு மூன்றாவது கோடு ஒன்றைச் சரசரவென்று இழுத்துவிட்டார். சந்தேகமே இல்லாதவர்போல் கையையும் தட்டிக்கொண்டார். மச்சினன் தலையை ஆட்டிவிட்டு, வலது பக்கம் போய், முதல் சிலுவையில் டிரில்லின் முனையை வைத்தான். கோடு இல்லாத பக்கம். பத்திரமான பக்கம். விரல் விசையின்மேல் போயிற்று.

"நிறுத்து" என்றார் சொட்டு அண்ணன்.

பதினாலு மாதத்துக்குப் பிறகு அவனிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"அந்தக் கோடு பொய். எனக்குத் தெரியல. படம் இல்ல. ஃபோன் போச்சு."

மச்சினன் திரும்பினான். "எப்படிப் போச்சு?"

சொட்டு அண்ணன் தரையைப் பார்த்தார். "தண்ணியில விழுந்துருச்சு."

மச்சினன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. டிரில்லைக் கீழே வைத்தான். "எதுல மாமா விழுந்துச்சு?"

"டேங்க்ல."

"எத்தன லிட்டர் டேங்க்?"

"ஆயிரம்."

"என்னோடது பக்கெட்ல" என்றான் அவன். "பதினஞ்சு லிட்டர் இருக்கும்."

இனி அவன் சிரிப்பான் என்று சொட்டு அண்ணன் காத்துக்கொண்டு நின்றார். சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்திருக்கும். அவன் சிரிக்கவில்லை. டிரில்லின் ஒயரை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னான். "அதுலதான் மாமா எனக்கு வேலை குடுக்கிறவங்க நம்பர் எல்லாம் இருந்துச்சு. ஒண்ணுகூட வேற இடத்துல எழுதி வைக்கல. மூணு மாசம் வேலை இல்லாம உக்காந்திருந்தேன். எல்லாரும் சிரிச்சப்ப அதைத்தான் நினைச்சிட்டு நின்னேன்."

சொட்டு அண்ணனுக்கு இது தெரியாது. கேட்டதும் இல்லை. தண்ணீர் வடியும் ஃபோனோடு அன்றைக்கு அவன் நின்ற நிலை இப்போதுதான் அவருக்குச் சரியாகத் தெரிந்தது. நேற்று தொட்டிக்குள்ளிருந்து தலையை நீட்டியபோது இருபது பேர் சுற்றி நின்று சிரித்திருந்தால் தான் என்ன செய்திருப்போம் என்று நினைத்துப் பார்த்தார்.

"தப்புதான்டா மாப்ள. அப்படிப் பண்ணியிருக்கக்கூடாது" என்றார்.

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இந்தச் சுவர்ல அளவுக்கு யார நிக்க வெச்சீங்க?"

"யாரு, அந்தக் கொத்தனாரு..."

"என்னையத்தான் மாமா." அவன் போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றான். ஜன்னலுக்கு வலது பக்கம். "தள்ளி நில்லு, தள்ளி நில்லுன்னு கத்துனீங்க. அன்னிக்கு இங்க ஏதோ முதுகுல குத்துச்சு. சட்டை கிழிஞ்சு, அக்கா தச்சுக் குடுத்தா. இதே ஜன்னல் விளிம்பு என் முழங்கையில இடிச்சுது." முழங்கை ஜன்னல் விளிம்பில் படும்வரை அரையடி நகர்ந்தான். தோளை இப்படியும் அப்படியும் அசைத்தான். "இதோ, இந்த எலும்புக்குப் பின்னால. போடுங்க கோடு."

சொட்டு அண்ணன் சுண்ணக்கட்டியை எடுத்து, மச்சினனின் இடது தோளைச் சுற்றிக் கோடு போட்டார். அக்குளில் பட்டபோது அவன் நெளிந்தான். ஆடாமல் நில்லுடா என்று பழக்கத்தில் அதட்டிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவன் விலகியதும், சுவரில் நீலமாக ஒரு தோள் மட்டும் நின்றது. எலும்பு இருந்த இடத்துக்கும் முதல் பென்சில் சிலுவைக்கும் நடுவே இரண்டு விரல்கூட இல்லை. டிரில்லின் முனை வைத்த அடையாளம் அந்தச் சிலுவையில் சின்னப் புள்ளியாகத் தெரிந்தது. இரண்டு பேருக்கும் முகத்தில் ஈயாடவில்லை.

அலமாரியை இரண்டு சாண் தள்ளி மாட்டலாம் என்று டாக்டரம்மாவிடம் அனுமதி வாங்கினார்கள். மச்சினன் துளை போட ஆரம்பித்தான். சொட்டு அண்ணன் ஒரு கையில் பக்கெட்டும் தோளில் துணியுமாக அருகில் நின்றார். முதல் துளையில் வெள்ளைத் தூள் வந்தது, காய்ந்த தூள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது துளைக்குப் பக்கத்தில் சுவர் ஈரமாக இருந்ததைப் பார்த்ததும் பக்கெட்டைச் சுவரோடு சேர்த்துப் பிடித்தார். தொட்டுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அவர் கையை ஊன்றி நின்ற இடம் அது, வியர்வை. நாலாவது துளையும் காய்ந்தே முடிந்தது.

அலமாரி ஏறியதும் மச்சினன் பெட்டியை மூடினான். போயிட்டு வரேன் என்றான். தேநீர் குடித்துவிட்டுப் போகலாமே என்று டாக்டரம்மா சொன்னதற்கு, அடுத்த வேலை இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டான். உதவி செய்துவிட்டான், பேசியும்விட்டான், ஆனால் மனம் இறங்கவில்லையே என்று சொட்டு அண்ணனுக்கு இருந்தது. கசியாத சுவரைப் பார்த்தும் அன்றைக்கு அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. இருபத்திரண்டு வருடக் கதையை டாக்டரம்மாவிடம் ஒரு தடவைகூடச் சொல்லாமல் வெளியே வந்தார்.

மூன்றாம் நாள் பூதக்கண்ணாடிப் பெண் சொல்லி அனுப்பினாள். படங்கள் எல்லாம் கிடைத்துவிட்டன. பழைய ஃபோன் ஒன்றில் மாற்றிக் கொடுத்தாள். இனிமேல் ஏதாவது நனைந்தால் பம்பைத் தொடாமல் நேரே இங்கே வாருங்கள் என்றும் சொன்னாள். சொட்டு அண்ணன் கடை வாசலிலேயே நின்று, சுவர் சுவராகத் தள்ளிக்கொண்டே போனார். கொத்தனார்கள் விறைத்து நின்றார்கள், காவல்காரர்கள் விறைத்து நின்றார்கள். கிளினிக்கின் கடைசி அறை வந்தது.

அதில் விறைப்பே இல்லை. மச்சினன் ஓரமாக நிற்காமல் சுவருக்கு நேர் முன்னால், இரண்டு கைகளையும் அகல விரித்து, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றான். தன்னைத்தான் படம் எடுக்கிறார் மாமா என்று நினைத்துவிட்டான்போல. காலடியில் அவனுடைய கருவிப் பெட்டி. முழங்கை ஜன்னல் விளிம்பில் இடித்துக்கொண்டிருந்தது. அந்த மூன்றாவது குழாய் ஒரு அங்குலம்கூடத் தெரியவில்லை.

சொட்டு அண்ணன் வெகுநேரம் அந்தப் படத்தைப் பார்த்தார். ஃபோன் நனையாமல் இருந்திருந்தால் சனிக்கிழமை காலை இதைத்தான் பெருமையாக எடுத்து நீட்டியிருப்பார். பதினாலு மாதம் வீட்டுப் பக்கமே வராமல் செய்துவிட்ட ஆளை, அவ்வளவு நாளும் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். சுவரின் படம் எதையும் யாருக்கும் அனுப்பாத மனிதர், இதை எப்படி அனுப்புவது என்று கடைக்காரப் பெண்ணிடம் கேட்டு, மச்சினனுக்கு அனுப்பினார்.

ஒரு நிமிடத்தில் ஃபோன் அடித்தது.

"பாத்தேன் மாமா. இதுல பைப் எங்க?"

"உனக்குப் பின்னால" என்றார் சொட்டு அண்ணன்.

அந்தப் பக்கம் முதலில் லேசாக மூச்சு விடும் சத்தம், பிறகு அடக்கிப் பார்த்து அடக்க முடியாமல் போன சத்தம், கடைசியில் அவன் சிரித்தே விட்டான். பக்கத்தில் யாரோ என்ன என்று கேட்பதும், சொல்ல முடியாமல் அவன் மறுபடி சிரிப்பதும் கேட்டது. சொட்டு அண்ணன் ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அது முடியும்வரை கேட்டார்.

"சாயங்காலம் வீட்டுக்கு வாடா" என்றார். "அன்னிக்குச் சாப்பிடாமயே போயிட்ட."

"வரேன் மாமா" என்றான் அவன். "அந்தப் பக்கெட்ட மட்டும் எடுத்து உள்ள வெச்சிருங்க."